தடைக்காலமும் சனிக்கிழமை மீன்களும்

 



ஏப்ரல் 15 நெருங்கிவிட்டது. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய தடைக்காலம் இது. 2017 முதல் 61 நாட்களாக இருக்கிறது. படகுக்காரர்கள், படகில் கூலிக்குப் போகிறவர்கள், ஐஸ் போடுகிறவர்கள், ஏலம் எடுக்கிறவர்கள் என்று இந்தச் சஃப்புகளில் உட்கார்ந்திருக்கிற பலருக்கு இது கையிருப்பு கரைகிற இரண்டு மாதம். "ரிஸ்க்கைக் கொடுப்பவன் அல்லாஹ். அதைத் தடுக்க அரசாங்கம் யார்?" என்று கேட்பவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்லப்பட வேண்டியது. கடற்கரை ஊர், மீன்பிடி தொழில், குறிப்பிட்ட நாளில் தடை, அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகிற மக்கள் என்று இந்த நான்கும் சேர்ந்த ஒரு வரலாற்றை அல்லாஹ் குர்ஆனிலேயே வைத்திருக்கிறான். அஸ்ஹாபுஸ் ஸப்த், அதாவது சனிக்கிழமைக்காரர்களின் வரலாறு. அல்அஃராஃப் அத்தியாயத்தில் 163-ஆவது வசனத்திலிருந்து அது வருகிறது.

ஊருக்கு வந்த சோதனை

அந்த ஊர் செங்கடல் ஓரத்தில் இருந்த ஐலா என்பது முஃபஸ்ஸிர்களில் பெரும்பாலோரின் கருத்து. இன்றைய அகபா பகுதி. பனூ இஸ்ராயீல்களுக்குச் சனிக்கிழமை இபாதத்துக்குரிய நாள். அன்று தொழில் கூடாது. அவர்கள் மீனவர்கள். சனிக்கிழமை வந்தால் மீன்கள் தண்ணீரின் மேலேயே தலை காட்டிக்கொண்டு கரைக்கு வரும். மற்ற நாட்களில் அப்படி வராது. அல்லாஹ் வைத்த சோதனை அது.

அவர்கள் என்ன செய்தார்கள்? சனிக்கிழமை வலை வீசவில்லை. அதுதான் கவனிக்க வேண்டிய இடம். கடலோரத்தில் குழி தோண்டி, அதற்கு வாய்க்கால் வெட்டினார்கள். சனிக்கிழமை ஏற்றத்தில் மீன் வாய்க்கால் வழியாகக் குழிக்குள் வரும். தண்ணீர் வற்றியதும் திரும்பிப் போக முடியாமல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொண்டார்கள். ஒருவன் மீனைக் கயிற்றால் கட்டி, முளைக்குச்சியில் இணைத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மறுநாள் எடுத்தான் என்றும் தஃப்ஸீர்களில் வருகிறது. கேட்டால், "நாங்கள் சனிக்கிழமை மீன் பிடிக்கவில்லையே!" சட்டத்தின் வார்த்தை அப்படியே இருக்க, உள்ளே இருந்ததை மட்டும் உருவி எடுத்துவிட்டார்கள். இதற்குத்தான் ஹீலா என்று பெயர். அதன் முடிவு என்னவென்று அல்பகரா அத்தியாயத்திலும் அல்லாஹ் சொல்கிறான். இழிந்த குரங்குகளாக மாற்றப்பட்டார்கள்.

இப்போது நம் கடலைப் பாருங்கள். பாக் நீரிணையில் நாள் கணக்கு பேசுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று 1970-களில் நடந்த மோதல்களுக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடு இன்றும் பேச்சில் இருக்கிறது. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஓர் எல்லையைப் போட்டது. இரட்டைமடி வலைக்குத் தடை இருக்கிறது. எல்லாம் ஏட்டில் இருக்கிறது. இருட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கரையை ஒட்டி மடி இழுக்கிறவர், மடியின் கண்ணியைச் சட்டம் சொல்கிற அளவுக்கு வைத்துவிட்டு உள்ளே இன்னொரு சிறுகண்ணி வலையைக் கட்டுகிறவர், நாட்டுப்படகு என்று பதிந்துவிட்டுப் பெரிய இன்ஜினை மாட்டி இழுவை மடி போடுகிறவர்... ஐலாவில் வெட்டிய வாய்க்காலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படி இழுத்துவருவதில் நல்ல மீன் எத்தனை கூடை, சங்காயம் எத்தனை கூடை? சங்காயம் என்று கோழித் தீவனத்துக்குக் காயப்போடுகிறோமே, அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நீளம்கூட வளராத மீன்குஞ்சு, நண்டுக்குஞ்சு, கடல்புல், சிப்பி. வளர்ந்திருந்தால் அடுத்த வருஷம் நமக்கே வந்திருக்க வேண்டிய ரிஸ்க். அதைக் கிலோக் கணக்கில் அள்ளிக் கொட்டிவிட்டு, "கடலில் பரக்கத் இல்லாமல் போய்விட்டது ஹஜ்ரத், துஆ செய்யுங்கள்" என்று வருகிறோம். துஆ செய்கிறேன். ஆனால் மடியையும் கொஞ்சம் பாருங்கள்.

இதில் அக்கரைக்காரர்களின் ஹக்கும் இருக்கிறது. பாக் நீரிணை பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். அடிமடி இழுத்தால் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. இலங்கை 2017-ல் அடிமடி இழுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. போர்க்காலம் முழுவதும் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, இப்போது சின்ன வலையோடு போகிற மன்னார், யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழ் பேசுகிறவர்தான். நம் பிள்ளைகள் அங்கே சிறைப்படும்போது நமக்கு வலிக்கிறது, வலிக்க வேண்டும். அவருடைய வலை அறுபடும்போதும் அந்த வலி வர வேண்டும் அல்லவா?

மூன்று கூட்டத்தார்

ஐலாவில் மூன்று கூட்டம் இருந்தது. மீறியவர்கள் ஒரு கூட்டம். அவர்களைத் தடுத்தவர்கள் ஒரு கூட்டம். மூன்றாவது கூட்டத்தார் மீறவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தடுத்தவர்களைப் பார்த்து, அல்லாஹ் அழிக்கப்போகிற ஜனங்களுக்கு ஏன் வீணாக உபதேசம் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்குத் தடுத்தவர்கள், எங்கள் இறைவனிடம் எங்களுக்கு ஒரு பதில் வேண்டும், ஒருவேளை அவர்கள் அஞ்சித் திருந்தவும் கூடும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முடிவைச் சொல்லும்போது, தடுத்தவர்களைக் காப்பாற்றினோம், அநியாயம் செய்தவர்களைப் பிடித்தோம் என்று அல்லாஹ் சொல்கிறான். மௌனமாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அங்கே சொல்லப்படவில்லை.

இந்த இடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அழவைத்தது. மடியில் முஸ்ஹஃபை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மாணவர் இக்ரிமா (ரஹ்) காரணம் கேட்டபோது இந்த வசனங்களைக் காட்டினார்கள். தடுத்தவர்கள் தப்பித்தார்கள் என்று தெரிகிறது, மற்றவர்களைப் பற்றிச் சொல்லப்படவில்லை. நாமும் எத்தனையோ தப்புகளைப் பார்க்கிறோம், வெறுக்கிறோம், ஆனால் வாய் திறப்பதில்லையே என்று அஞ்சினார்கள். இக்ரிமா, அந்த மௌனக் கூட்டமும் மனதால் அதை வெறுத்தது, அவர்களுடைய கேள்வியிலேயே அது தெரிகிறதே என்று எடுத்துச் சொன்னார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போய், மாணவருக்கு இரண்டு கனத்த ஆடைகளைக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு கஸீரில் இதைப் பார்க்கலாம்.

சகோதரர்களே, அது வெறுத்தவர்களுக்குக் கிடைத்த சலுகை. சங்காயத்துக்கு முன்பணம் கொடுத்தவர் வெறுத்தவர் கணக்கில் வர மாட்டார். தடை செய்த வலையை விற்ற கடைக்காரரும், அந்த மீன் என்று தெரிந்தே ஏலம் எடுத்தவரும் அப்படித்தான். அவர்கள் மௌனக் கூட்டமும் அல்ல, முதல் கூட்டத்தின் பங்காளிகள்.

வாய்க்கால் இன்னொரு விதமாகவும் வெட்டலாம்

பிடிக்காமல் விடுவது பாதி வேலை. கெட்டுப்போன இடத்தைத் திரும்ப உயிர்ப்பிப்பது மறுபாதி. அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை; பக்கத்தில் முத்துப்பேட்டை இருக்கிறது.

பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு எல்லாம் வந்து விழுகிற கடைமடை அது. அங்கே ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. இறாலின் வாழ்க்கையைக் கவனித்தால் அந்தக் காட்டின் அருமை தெரியும். (இறால் மீனா இல்லையா என்று ஹனஃபி, ஷாஃபிஈ பேச்சை ஆரம்பித்துவிடாதீர்கள், இன்றைக்கு அது பாடம் அல்ல.) வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கு இடையில் ஒளிந்து, தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாயும் நண்டும்கூட இளமையில் அந்த இடத்தை நம்பியவைதான். நடுக்கடலில் வலையில் விழுகிற இறாலுக்குத் தாய்வீடு இந்தச் சேற்றுக்காடு.

அந்தக் காட்டில் பெரிய பகுதி பொட்டலாகிப்போனது. எப்படி என்பதைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். திரும்ப முளைத்துவிடும் என்ற கணக்கு. ஆனால் நிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்தது. ஈரம் காய்ந்து மண் உள்வாங்கியது. நடுப்பகுதி தொட்டி மாதிரி பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு மட்டும் தங்கியது. மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. அலையாத்தி உப்பைத் தாங்குகிற மரம்தான். அதற்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா? விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. மேலே காவிரியில் வருகிற நல்ல தண்ணீரும் குறைந்துகொண்டே வந்ததால் உப்பைக் கழுவ ஆளில்லாமல் போனது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்த வேலை கன்று நடுவதில் தொடங்கவில்லை. முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதத்தில் தண்ணீர் எல்லாப் பள்ளத்துக்கும் போய், வற்றும்போது உப்பையும் அடித்துக்கொண்டு வெளியேறும். மண்ணில் உப்பு தணிந்த பிறகு வாய்க்கால் கரையோரம் அலையாத்தியை நட்டார்கள். முத்துப்பேட்டை மீனவர்கள் மீன்பிடிக்கவென்று காட்டுக்குள் வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். அந்த வாய்க்கால் ஓரங்களில் மரம் செழித்து நின்றதை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள்.

ஐலாக்காரர்களும் வாய்க்கால்தான் வெட்டினார்கள்! மண்வெட்டி ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். அங்கே மீனைத் திரும்பிப் போக விடாமல் அடைப்பதற்கு வெட்டினார்கள். இங்கே தண்ணீர் போய்த் திரும்பி வருவதற்கு வெட்டினார்கள். நிய்யத் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மாமரத்துக்கும் தென்னைக்கும் மட்டும் அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஓர் அலையாத்தி மரத்தின் வேரில் எத்தனை ஆயிரம் குஞ்சுகள் உண்கின்றன, கிளையில் எத்தனை நாரையும் கொக்கும் தங்குகின்றன! ஆனால் நட்டுவிட்டால் போதாது. உப்புப் பள்ளத்தில் கன்றை ஊன்றி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போகிற நடவுகளும் நடக்கின்றன. தண்ணீருக்கு வழி செய்யாமல் நட்ட கன்று சில மாதம்கூட நிற்காது.

நட்டு வளர்த்த காடும் பலமாக அடிபடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது முத்துப்பேட்டைக் காடு எப்படிச் சிதைந்தது என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கியாமத் நாளே வந்துகொண்டிருந்தாலும் கையில் இருக்கிற கன்றை முடிந்தால் நட்டுவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அஹ்மதில் உள்ள அறிவிப்பு. கஜாவுக்கு அடுத்த நாள் அந்த ஹதீஸின் பொருள் நமக்கு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

ஆவுலியாவும் கடல்புல்லும்

காட்டுக்கு வெளியே, கடலுக்கு அடியில் ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கடல்புல். அதை மேய்கிற கடற்பசுவுக்கு நம் கரையில் ஆவுலியா என்று பேர். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது. பாக் நீரிணையில் அழிந்த கடல்புல்லைத் திரும்ப வளர்க்கவும் முயற்சி நடக்கிறது: மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, கயிற்றில் புல் துண்டுகளைச் செருகிக் கடலடியில் இறக்குகிறார்கள். கையால் செய்கிற, பொறுமையான வேலை. இழுவை மடியின் பலகை ஒருமுறை உழுதுகொண்டு போனால் அந்த வேலை முடிந்தது.

"கடல் பிராணி நம் மத்ஹபில் ஹலால்தானே ஹஜ்ரத், ஆவுலியாவைச் சாப்பிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிராணியைப் பற்றிய மஸ்அலா வேறு, அதைக் கொல்வதால் வரும் கேட்டைப் பற்றிய மஸ்அலா வேறு. பல வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடுகிற பிராணி அது. நம் கரையில் எஞ்சியிருப்பது சொற்பம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பொதுநலனுக்காகப் போட்ட தடையை மீறி, ஓர் இனத்தின் வேரையே அறுத்துவிட்டு "ஹலால்" என்று சொல்வதும் ஐலாக்காரர்களின் பேச்சுதான். வலையில் சிக்கிய ஆவுலியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அதற்குரிய கூலியைத் தருவானாக!

உமர் (ரலி) அவர்கள் போட்ட வேலி

பொது இடத்தை வேலி போட்டுப் பாதுகாப்பது நம் தீனுக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வெளியே நகீஃ என்ற புல்வெளியை ஹிமாவாக, பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்ற தம் பணியாளரை ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாளராக்கியபோது சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சிக்கொள் என்றார்கள். நாலு ஒட்டகம், நாலு ஆடு வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு என்றார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் ஆகியோரின் கால்நடைகளை மட்டும் விட்டுவிடாதே, அவை செத்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன; ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்கு வந்து நிற்பான் என்ற கருத்தில் சொன்னார்கள்.

யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் பாருங்கள்! இருவரும் சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்டவர்கள். அவர்களுக்கே முதலிடம் இல்லை. நம் கடலில் அந்த நாலு ஆட்டுக்காரர் யார்? வத்தையில் போய் நண்டு வலை போடுகிறவர், சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்கள். கரையோரக் கடலும் கழிமுகமும் முதலில் அவர்களுக்கு.

ஆற்றங்கரை விஷயத்தில் நம் ஃபுகஹாக்கள் இன்னும் கடுமையாக இருந்திருக்கிறார்கள். ஆற்றைச் சுற்றி அதற்கு ஹரீம், அதாவது யாரும் சொந்தம் கொண்டாட முடியாத ஓரப்பகுதி உண்டு. நைல் நதியின் ஹரீமில் கட்டியதை இடிக்க வேண்டும், கட்டியது பள்ளிவாசலாக இருந்தாலும் சரி என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கே அந்த நிலை என்றால், வாய்க்கால் கரையை மண் போட்டு மேடாக்கிக் கடை கட்டுவதையும், இறால் பண்ணைக் கழிவை ஓடையில் திறந்துவிடுவதையும் என்னவென்று சொல்வது? கரையோர இறால் பண்ணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு கொடுத்ததும் இதே மாதிரிப் புகார்களால்தான். வலீமா முடிந்த இரவு பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் எந்த ஓடையில் போய் விழுகின்றன என்பதையும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

61 நாள் என்ன செய்வது?

இன்று வெள்ளிக்கிழமை, கஹ்ஃப் அத்தியாயம் ஓதியிருப்பீர்கள். ஹிழ்ரு (அலை) அவர்கள் ஓட்டையிட்ட படகு கடலில் வேலை செய்யும் மிஸ்கீன்களுடையது என்று அல்லாஹ் சொல்கிறான். சொந்தமாகப் படகு இருந்தும் மிஸ்கீன்கள்! வருமானம் தேவைக்குப் போதாவிட்டால், தொழில் கருவி வைத்திருப்பவரும் ஜகாத் பெறலாம் என்பதற்கு ஃபுகஹாக்கள் இந்த வசனத்தை ஆதாரமாக எடுக்கிறார்கள். ஆகவே படகு வைத்திருக்கிறாரே என்று யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். படகே இல்லாமல் கூலிக்குப் போகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். அரசு தருகிற நிவாரணம் எல்லோருக்கும் போய்ச் சேருவதும் இல்லை, சேர்ந்தாலும் இரண்டு மாதத்துக்குக் காணாது. அடுப்பு எரியாத வீட்டுக்காரர் தடையை மீறாமல் இருக்க வேண்டும் என்றால், அடுப்பு எரிகிற வீட்டுக்காரர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். ஜகாத்தை ரமழானுக்கென்றே ஒதுக்கி வைப்பவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். நம் மத்ஹபில் வருடம் பூர்த்தியாவதற்கு முன் கொடுக்க அனுமதி உண்டு. கடன் கொடுத்தவர்கள் இந்த இரண்டு மாதத் தவணையைத் தள்ளிப்போடுங்கள்.

படகுச் சங்கக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் சிறுகண்ணி மடியைப் பற்றிப் பேச்சை எடுங்கள். சண்டையாக வேண்டாம், நளினமாக எடுங்கள். கேட்காவிட்டாலும் இறைவனிடம் சொல்ல ஒரு பதில் இருக்கும். பழைய வலையைக் கழிமுகத்தில் வீசாமல் கரையில் குவித்து வையுங்கள். வாலிபர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அஸருக்குப் பிறகு, ஓடையில் கிடக்கும் வலைத்துண்டுகளை எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடு பெரியவர்களும் இறங்கினால் நல்லது. வனத்துறையார் அலையாத்தி நடவுக்கு ஆள் கேட்டால் ஜமாஅத்தின் பெயரிலேயே போவோம்.

யா அல்லாஹ்! கடலில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை ஸலாமத்தாகக் கரை சேர்ப்பாயாக! அக்கரையில் சிறைப்பட்டிருப்பவர்களை அவர்களுடைய குடும்பத்தாரோடு சேர்ப்பாயாக! எங்கள் மீனிலும் தண்ணீரிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.